கண்ணாடியை வெட்டலாம், வளைக்கலாமா?

நெடுந்தூரம் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள், வண்டியின் முன்னால் ஒரு கண்ணாடி மாட்டிக்கொள்கிறார்கள். விளக்குக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் கண்ணாடி அது.

கண்ணாடி இருந்தால் சுகம்தான். காற்று மார்பில் அறையாது. மாலையில் பறக்கும் வண்டு முகத்தில் மோதாது. சென்னையில் ஏறி உட்கார்ந்தவர் திருச்சியில் இறங்கும்போது, கழுத்தும் தோளும் அவ்வளவாக வலிப்பது இல்லை.

இரவு வந்தால் கதை மாறிவிடுகிறது.

எதிரே ஒரு லாரி வருகிறது. அதன் வெளிச்சம் கண்ணாடியில் விழுகிறது. கண்ணாடியில் உள்ள ஒவ்வொரு கீறலும் ஒவ்வொரு தூசியும் ஒரு சின்ன விளக்குப் போல எரிகிறது. ரோடு மறைகிறது. ரோட்டில் இருக்கும் பள்ளம் மறைகிறது. மாடு படுத்திருந்தால் மாடும் மறைகிறது.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு விநாடியில் 55 அடி போய்விடும். இரண்டே விநாடி கண் தெரியாமல் போனால் 110 அடி!

மழை வந்தால் இன்னும் மோசம். காரில் துடைப்பதற்கு வைப்பர் இருக்கிறது. ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியைக் கையுறையால் துடைக்கலாம், தூக்கியும் விடலாம். வண்டியின் முன்கண்ணாடியை ஓடும்போது யார் துடைப்பது?

எல்லாருக்கும் ஒரே அளவா?

கண்ணாடி மாட்டியதில் தவறு இல்லை. அதன் உயரத்தில்தான் தவறு.

காரின் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிள் கண்ணாடி அப்படி இல்லை. அதற்கு மேலாகப் பார்க்க வேண்டும். கண்ணாடியின் மேல் விளிம்பு, ஓட்டுகிறவரின் மூக்கு நுனிக்கு நேராக நின்றால் நல்லது. அதாவது கண்ணுக்கு 2, 3 அங்குலம் கீழே. அப்போது ரோட்டைப் பார்க்கிற பார்வை, விளிம்புக்கு மேலாகவே போய்விடும். காற்றும் விளிம்பில் பட்டு மேலே எழும்பி, ஹெல்மெட்டின் மேல் பகுதியைத் தொட்டுக்கொண்டு போய்விடும்.

விளிம்பு கண்ணுக்கு நேராக நின்றாலோ, இரண்டு விதத்தில் தொல்லை. ஒரு நேரம் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. மறு நேரம் அதற்கு மேலே பார்க்க வேண்டியிருக்கிறது. பள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம் பார்வையும் குதிக்கிறது.

ஐந்து அடி இரண்டு அங்குலம் உயரம் உள்ளவர் வண்டி ஓட்டுகிறார். ஆறு அடி உயரம் உள்ளவரும் ஓட்டுகிறார். இருவருக்கும் கடையில் ஒரே கண்ணாடியைக் கொடுக்கிறார்கள். செருப்புக்கு அளவு உண்டு. சட்டைக்கு அளவு உண்டு. கண்ணாடி விற்கிறவர் எத்தனை பேர், "உங்கள் உயரம் என்ன?" என்று கேட்கிறார்கள்?

கேட்காதவரை, வாங்கியவரே வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். வீட்டிலேயே வெட்டலாம். அதில் பயப்பட ஒன்றும் இல்லை.

ஆனால், வெட்டுவது வேறு. சூடு காட்டி வளைப்பது வேறு. முதலாவதைப் பொறுமை உள்ள எவரும் செய்யலாம். இரண்டாவதை வீட்டில் செய்யக் கூடாது. ஏன் என்பதை அறிய, இந்தக் 'கண்ணாடி' என்ன பொருள் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாட்டியின் கண்ணும் பேரனின் வண்டியும்

கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர, அது கண்ணாடி இல்லை. பிளாஸ்டிக்.

இதில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்று அக்ரிலிக். 1930-களில் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் இது விற்பனைக்கு வந்தது. கண்ணாடியின் எடையில் பாதிதான் இருக்கும். ஆகவே இரண்டாவது உலக யுத்தத்தில், போர் விமானிகளின் தலைக்கு மேலே இருக்கும் மூடியை இதில் செய்தார்கள்.

1940-ல் ஜெர்மன் விமானங்கள் இங்கிலாந்தைத் தாக்கின. வானத்தில் கடும் சண்டை. குண்டு பட்டு மூடிகள் உடைந்தன. பிளாஸ்டிக் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள்ளே புகுந்தன.

ஹெரால்டு ரிட்லி என்ற கண் டாக்டர் ஓர் அதிசயத்தைக் கவனித்தார். சில்லு உள்ளே கிடந்தும் கண் சீழ் பிடிக்கவில்லை! அந்தப் பிளாஸ்டிக்கைக் கண் ஏற்றுக்கொண்டுவிட்டது. 1949-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில், புரை எடுத்த கண்ணுக்குள் அதே பிளாஸ்டிக்கில் செய்த லென்சை அவர் வைத்தார். உலகிலேயே அதுதான் முதல் தடவை. பிற்காலத்தில், 1992-ல், மதுரையில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஆரோலேப் தொடங்கப்பட்டு, ஏழைகளுக்கும் எட்டும் விலையில் அப்படிப்பட்ட லென்சுகளைச் செய்தது.

பாட்டியின் கண்ணுக்குள் இருப்பதும் பேரனின் வண்டி முன்னால் இருப்பதும் ஒரே பிளாஸ்டிக்காக இருக்கலாம்!

கதை இனிமையானது. ஆனால் விமானியை மறந்துவிடக் கூடாது. அக்ரிலிக், சில்லு சில்லாக உடையும் பொருள்.

மற்றொரு வகை பாலிகார்பனேட். 1953-ல் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெல் என்பவரும், அமெரிக்காவில் டேனியல் ஃபாக்ஸ் என்பவரும், ஒருவருக்கு ஒருவர் தெரியாமலே இதைக் கண்டுபிடித்தார்கள். இது எளிதில் உடையாது. சுத்தியலால் அடித்தாலும் பெரும்பாலும் நெளியுமே தவிர நொறுங்காது. குறை என்னவென்றால், மேல் பாகம் மென்மையானது. சீக்கிரம் கீறல் விழும். அதனால் மேலே ஒரு பூச்சு பூசி விற்கிறார்கள். இன்னொரு குறை, பெட்ரோல் இதற்குப் பகை. ஜன்னல் கண்ணாடி துடைக்கும் அமோனியா கலந்த மருந்தும் பகை.

கையில் இருப்பது எந்த வகை? கண்ணாடியின் மூலையில் அச்சிட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் வாங்கிய கடையில் கேட்கலாம். வெட்டி எடுத்த துண்டை வளைத்தும் பார்க்கலாம். துணியில் சுற்றி வளைக்க வேண்டும். படீரென்று ஒடிந்தால் அக்ரிலிக். வளைந்துகொண்டே போனால் பாலிகார்பனேட்.

கம்பெனியிலேயே பொருத்தி வந்த கண்ணாடி என்றால், அதைத் தொடாமல் இருப்பது நல்லது. அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, வேறு ஒன்று வாங்கி வெட்டலாம். நாளைக்கு வண்டியை விற்கும்போது பழையது உதவும். அந்தக் காலத்துப் புல்லட் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலையே இல்லை. 1955-ல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா கம்பெனி, திருவொற்றியூரில் செய்து அனுப்பிய புல்லட்டின் முன்னால் உருண்டை விளக்குத்தான் இருந்தது. கண்ணாடி வேண்டுமானால், வாங்கியவர்தான் தேடிப் பிடித்து மாட்டிக்கொள்ள வேண்டும்.

அளக்க இருவர் வேண்டும்

வெட்டுவதைவிட அளப்பதுதான் பெரிய வேலை. இதைத் தனியாகச் செய்ய முடியாது. மனைவியோ, மகனோ, தம்பியோ கூட இருக்க வேண்டும்.

வண்டியைச் சமமான தரையில் நிறுத்த வேண்டும். நடு ஸ்டாண்டு போடக் கூடாது. போட்டால் பின்சக்கரம் தூக்கிக்கொள்ளும், கணக்குத் தவறிவிடும். டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும். ஓட்டுகிறவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, வழக்கமாக எப்படி உட்காருவாரோ அப்படியே உட்கார வேண்டும். போட்டோவுக்கு நிமிர்ந்து உட்காருவதுபோல உட்கார்ந்தால், பிறகு வருத்தப்பட நேரும்.

இப்போது அவர் 50 அடி தூரத்தில் தரையில் ஒரு செங்கல்லைப் பார்க்கட்டும். பார்வை கண்ணாடியை எந்த இடத்தில் கடக்கிறதோ, அந்த இடத்தில் மற்றவர் பென்சிலால் குறி போட வேண்டும். குறிக்கு அரை அங்குலம் கீழே, குறுக்கே பட்டையாக ஒரு டேப் ஒட்ட வேண்டும்.

உடனே ரம்பத்தை எடுத்துவிடாதீர்கள். டேப்போடு நான்கு நாள் ஓட்டிப் பாருங்கள். பகலில் ஒரு நாள், இரவில் ஒரு நாள். டேப் கண்ணை மறைக்கிறதா? மறைத்தால் இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி ஒட்டலாம். டேப்பை நகர்த்துவதற்குச் செலவு இல்லை. வெட்டியதை ஒட்ட முடியாது!

பார்வைக்கு அளவு கிடைத்துவிட்டது. காற்றுக்கு? அதை வெட்டிப் பார்த்துத்தான் அறிய வேண்டும். விளிம்பைத் தாண்டும் காற்று சுழல் சுழலாக வருகிறது. சுழல் ஹெல்மெட்டின் நடுவில் அடித்தால் தலை ஆடும், காது இரையும். ஓர் அங்குலம் குறைத்தால் சுழல் தோளுக்கு இறங்கிவிடலாம். இன்னும் ஓர் அங்குலம் குறைத்தால் மார்பு குளிர்ந்துவிடலாம். ஆகவே ஒரே வெட்டில் முழு அளவையும் எடுக்கக் கூடாது. முதலில் டேப்புக்கு மேலே ஓர் அங்குலம் விட்டு வெட்ட வேண்டும். ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு அரை அரை அங்குலமாகக் குறைக்க வேண்டும். தையல்காரர் துணியில் பிடித்தம் விட்டு வெட்டுகிறாரே, அதுபோல.

ரம்பம் பிடிக்கும் முறை

செய்தித்தாள் ஒன்றை எடுத்து நெடுக்காக இரண்டாக மடிக்க வேண்டும். மடித்த தாளில் பாதி வளைவை மட்டும் வரைந்து வெட்டி, விரித்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் காகிதப் பூ வெட்டுகிற முறைதான் இது. மூலைகள் எல்லாம் உருண்டையாக இருக்கட்டும். கூரான உள்மூலை வைத்தால், விரிசல் அங்கேதான் முதலில் தொடங்கும்.

கண்ணாடியின் இரண்டு பக்கமும் பெயிண்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப்பை அகலமாக ஒட்டி, காகித வளைவை அதன் மேல் வைத்துக் கோடு போட வேண்டும். டேப் இருந்தால் ரம்பத்தின் அடிப்பாகம் உரசிக் கீறாது, விளிம்பு சிதறாது.

கண்ணாடியைக் கனத்த துணி விரித்த மேசையில் வைத்து, மரச்சட்டம் கொடுத்துக் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். அது ஆடினால் வெடிக்கும். நெருக்கமான பல் உள்ள பிளேடு வேண்டும். மின்சார ஜிக்சா இருந்தால் குறைந்த வேகத்தில் வைக்க வேண்டும். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகும். உருகியது பிளேடுக்குப் பின்னாலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும்! வெட்டிக்கொண்டே போவார், திரும்பிப் பார்த்தால் வெட்டின இடமே தெரியாது. இப்படி ஏமாந்தவர்கள் பலர்.

கோட்டின் மேலேயே வெட்டக் கூடாது. கோட்டுக்கு வெளியே ஒரு நூல் விட்டு வெட்டி, மீதியை அரத்தால் ராவிக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். கடைசி இரண்டு அங்குலம் வெட்டும்போது, விழப்போகும் துண்டை உதவியாளர் தாங்கிப் பிடிக்க வேண்டும். தானாகத் தொங்கி ஒடிந்தால், நல்ல பாகத்தையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு போகும்.

கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போடாமல் இதைச் செய்யக் கூடாது. விமானி கதை ஞாபகம் இருக்கட்டும். எல்லார் கண்ணுக்கும் ரிட்லி கிடைக்க மாட்டார். குழந்தைகள் பக்கத்தில் வர வேண்டாம். சமையல் அறையில் வேலை வேண்டவே வேண்டாம். தூள் எங்கெல்லாம் போகும் என்று சொல்ல முடியாது.

வெட்டியபின் எமரி தாள். 120-ல் தொடங்கி, 220, 400, 600 என்று தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். இதை அழகுக்காக என்று நினைத்துப் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். சொரசொரப்பான விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிளவுகள் இருக்கும். வண்டி அதிரும்போது அவை வளரும். வண்டி எங்காவது மோதினால், ஓட்டுகிறவரின் கழுத்து அந்த விளிம்புக்கு நேராகத்தான் போகும். விரலை ஓட்டிப் பார்த்தால் தட்டின் விளிம்பு போல வழவழப்பாக இருக்க வேண்டும். அதுவரை தேய்க்க வேண்டும்.

துளையில் இருக்கிறது சூட்சுமம்

புதிதாகத் துளை போட வேண்டியிருந்தால் மேலும் எச்சரிக்கை வேண்டும். இரும்பில் துளை போடும் சாதாரண பிட்டு, அக்ரிலிக்கைக் கவ்வி இழுத்து விரிசல் விடச் செய்யும். படிப்படியாக அகலமாகும் ஸ்டெப் பிட்டு நல்லது. அடியில் மரக்கட்டை வைத்து, மெதுவாக அழுத்த வேண்டும்.

திருகாணியின் அளவுக்கே துளை போட்டால் போதாதா? போதாது. வெயிலில் பிளாஸ்டிக் விரியும். இரும்பைவிட ஐந்து, ஆறு மடங்கு கூடுதலாக விரியும். ஒன்றரை அடிக் கண்ணாடி, விடியற்காலைக் குளிரிலிருந்து நடுப்பகல் வெயிலுக்கு வரும்போது சுமார் ஒரு மில்லிமீட்டர் நீண்டுவிடும். இடம் இல்லாவிட்டால் எங்கே போகும்? துளையைச் சுற்றி வெடிக்கும். ஆகவே துளை 2 மில்லிமீட்டர் பெரிதாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ரப்பர் வாசர் வைக்க வேண்டும். ஸ்பேனரை வைத்து மூச்சுப் பிடித்து இறுக்கக் கூடாது.

காற்றின் பலத்தை லேசாக எண்ணக் கூடாது. ஒன்றரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம் உள்ள தட்டைப் பலகையை, 80 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்றில் நிமிர்த்திப் பிடித்தால், சுமார் 6 கிலோ எடையால் தள்ளுவது போல இருக்கும். 40 கிலோமீட்டரில் அது ஒன்றரை கிலோதான். வேகம் இரண்டு பங்கானால் காற்றின் பலம் நான்கு பங்கு! அவ்வளவையும் தாங்குவது அந்த நான்கு துளைகள்தான்.

வளைப்பது ஏன் கூடாது?

இனி அடுத்த ஆசை. கண்ணாடியின் மேல் விளிம்பைக் கொஞ்சம் வெளியே வளைத்தால், காற்று இன்னும் மேலே போகும் என்று சொல்கிறார்கள். உண்மைதான். அப்படிச் செய்த கண்ணாடிகள் விற்கின்றன. அதைப் பார்த்து, வீட்டில் சூடு காட்டும் துப்பாக்கியையோ கேஸ் அடுப்பையோ நாடுகிறார்கள்.

தொழிற்சாலையில் அக்ரிலிக் தகடு முழுவதையும் ஒரே சீராக 150, 160 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள். பிறகு அச்சின் மேல் போர்த்தி, மெதுவாக ஆறவிடுகிறார்கள். அடுப்பில் காட்டினால் ஓர் இடம் கொதிக்கும். பக்கத்தில் நான்கு விரல் தள்ளி ஆறிக் கிடக்கும். ஆறிய பாகம் கொதித்த பாகத்தை இழுக்கும். அந்த இழுப்பு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயே தங்கிவிடும். ஒரு நாள் ஸ்பிரிட்டோ தின்னரோ பட்டால், சிலந்தி வலை போல விரிசல் ஓடும். அன்றைக்கு வண்டி நின்றுகொண்டிருந்தால் அதிர்ஷ்டம்.

பாலிகார்பனேட் இன்னும் பொல்லாதது. காற்றில் உள்ள ஈரத்தை அது குடித்து வைத்திருக்கும். பல மணி நேரம் உலர்த்தாமல் சூடாக்கினால், உள்ளே இருக்கும் ஈரம் கொதித்துக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். தோசைக் கல்லில் அப்பளம் போட்டது போல ஆகிவிடும்! மேலே பூசிய பூச்சும் வெடித்துப்போகும்.

ஓர் அங்குலம் விளிம்பைத்தானே வளைக்கிறோம், பார்வைக்குக் கீழே உள்ளதுதானே என்று சிலர் வாதாடலாம். பார்வை கெடாது, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் காற்று முதலில் அறைவது அந்த விளிம்பைத்தான். கண்ணாடியிலேயே பலவீனமான இடத்தை அங்கே கொண்டுபோய் வைப்பானேன்?

வளைந்த விளிம்பு வேண்டியவர் வளைத்து விற்கும் கண்ணாடியை வாங்கலாம். இல்லையென்றால் அக்ரிலிக் எழுத்துகளில் பெயர்ப் பலகை செய்யும் கடைக்குப் போகலாம். தினமும் இதே வேலையைச் செய்கிற கைகள் அங்கே இருக்கின்றன. ஒரே கோட்டில் சீராகச் சூடேற்றும் கம்பியும் சில கடைகளில் இருக்கிறது. கூலி கொடுப்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

பின்னால் இருப்பவர் என்ன சொல்கிறார்?

கண்ணாடியை வெட்டியாகிவிட்டது, மாட்டியாகிவிட்டது. கைப்பிடியை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். கண்ணாடி பெட்ரோல் டாங்கியிலோ, பிரேக், கிளட்ச் கம்பிகளிலோ உரசினால் இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

முதல் ஓட்டம் பகலில் இருக்கட்டும். ஊருக்கு வெளியே, 40 கிலோமீட்டர் வேகத்தில். திரும்பி வந்து நான்கு திருகாணிகளையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேலே வேகம். பக்கவாட்டில் காற்று வீசும் பாலத்தில் கைப்பிடி எப்படி இழுக்கிறது என்றும் கவனிக்க வேண்டும். கைப்பிடியோடு சேர்த்து மாட்டிய கண்ணாடி, கப்பலில் பாய் போல வண்டியைத் திருப்பப் பார்க்கும்.

இரண்டாவது ஓட்டத்தில் மனைவியை ஏற்றிக்கொள்ள வேண்டும். பின் இருக்கை சற்று உயரம். முன்னால் இருப்பவரின் தலையைத் தாண்டி வரும் காற்று, பல நேரம் பின்னால் இருப்பவரின் முகத்தில்தான் போய் விழுகிறது. ஓட்டுகிறவருக்குச் சுகமாக இருக்கும் கண்ணாடி, அவருக்கு வேதனையாக இருக்கலாம். இறங்கியதும் கேட்டுப் பார்க்கட்டும். "பரவாயில்லை" என்று பதில் வந்தால், மறுபடி டேப்பையும் பென்சிலையும் எடுக்க வேண்டியதுதான்.